மறியலால் வந்தவனுக்கு ஒரு முகவரி

எமது அபிவிருத்திப் பணிகளின் ஆண்டறிக்கைகளை எடுத்துப் பார்த்தால், பயனாளிகள் என்ற தலைப்பின் கீழ் நீண்டதொரு பட்டியல் இருக்கும். கணவனை இழந்தோர், மாற்றுத்திறனாளிகள், மீள்குடியேறியோர், சிறு கடற்றொழிலாளர், காணியற்ற விவசாயக் கூலிகள், பாடசாலையை விட்டு இடைவிலகிய பிள்ளைகள் என்று அது போகும். 2009க்குப் பின்னர் புனர்வாழ்வு முகாம்களிலிருந்து வந்தவர்களுக்கும் அதில் ஒரு நிரல் திறக்கப்பட்டது. தண்டனை முடித்துச் சிறையிலிருந்து ஊர் திரும்பியோர் என்று ஒரு நிரலை மட்டும் நான் எங்கும் கண்டதில்லை. இத்தனைக்கும் அவர்கள் இல்லாத கிராமம் எமது பகுதியில் அரிது. நாம் கணக்கெடுப்பது வீடு வீடாகச் சென்று. வீடில்லாதவன் அந்தக் கணக்கில் அகப்படமாட்டான்.

இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். சிறையிலிருந்து வருகிற கிராமத்து மனிதனுக்குப் பூட்டித் திறக்கக்கூடிய ஓர் அறையும், அந்த அறைக்கு ஒரு முகவரியும், பக்கத்தில் ஒரு துணையும் முதலில் வேண்டும். தொழிற்பயிற்சியும் சுயதொழிற் கடனும் அதன்பின் வந்தால்தான் நிலைக்கும். நாமோ பின்னதை முன்னே கொடுத்துவிட்டு, "அவன் திருந்தவில்லை" என்று அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

யார் இவர்கள்? 2023ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று சனாதிபதியின் பொதுமன்னிப்பில் நாடெங்கும் 1,004 கைதிகள் விடுதலை செய்யப்பட்டனர். தண்டப்பணம் கட்ட வழியின்றி உள்ளே இருந்தவர்களும் அவர்களுள் அடங்குவர். அந்நாட்களில் 11,000 பேருக்கென அமைந்த சிறைகளில் ஏறத்தாழ 30,000 பேர் அடைபட்டிருந்தனர். அவர்களில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் தீர்ப்பே கிடைக்காத விளக்கமறியற் கைதிகள். வெசாக்குக்கும் சுதந்திர தினத்துக்கும் நத்தாருக்கும் சிறை வாசலில் கைதிகள் கையசைத்துக்கொண்டு வெளியே வருகிற படம் பத்திரிகைகளில் வருகிறது. மறுநாள் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் படம்பிடிக்க எவரும் போவதில்லை.

எமது கிராமங்களிலிருந்து போகிறவர்களை எடுத்துக்கொண்டால், கசிப்புக் காய்ச்சியவர், அனுமதியின்றி மணல் ஏற்றியவர், காட்டில் மரம் தறித்தவர், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தாபரிப்புப் பணம் கட்டாதவர், கரையால் வந்திறங்கும் கேரளக் கஞ்சாப் பொதியைக் கூலிக்குச் சுமந்தவர், வரப்புச் சண்டையில் மண்வெட்டியை ஓங்கியவர் என்று பலவகையினர். ஐஸ் போதைப்பொருளுக்கு அடிமையாகி அதையே விற்கத் தொடங்கிய இளைஞர்கள் இப்போது கூடி வருகின்றனர். கொலை செய்தவரும் உண்டு. இவர்கள் எல்லோரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது ஊருக்கு இலகு. ஆனால் ஐயாயிரம் ரூபா தண்டம் கட்ட இல்லாமல் உள்ளே போனவரும் ஆயுதம் தூக்கியவரும் ஒருவரல்லர்.

மன்னார்ப் பெருநிலப்பரப்பில், கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள ஒரு கிராமத்தைச் சேர்ந்தவரின் கதையைச் சொல்கிறேன். அநுராதபுரம் சிறையில் ஆறு ஆண்டுகள் இருந்தவர். உள்ளே மேசன் வேலை பழகி, நல்ல கைத்திறனோடு வெளியே வந்தார். ஒரு நிறுவனம் அவரைத் தெரிவு செய்து, சாந்தகப்பை, தூக்குக்குண்டு, நீர்மட்டம், இரண்டு வாளி என ஒரு தொகுதி உபகரணங்களைக் கூட்டம் கூட்டி வழங்கியது. கூட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்து கேட்டார்: "சுவாமி, இதுகளை நான் இரவில எங்க வைக்கிறது?"

அவருடைய தாயும் தகப்பனும் அவர் உள்ளே இருந்த காலத்தில் இறந்துவிட்டார்கள். வளவு தமையன் பேரில். தமையன் கெட்ட மனிதர் அல்லர். முதல் மூன்று நாளும் தம்பிக்குப் பாய் போட்டு, கறி வைத்துச் சோறு கொடுத்தவர்தான். நாலாம் நாள், "மூத்தவளுக்குப் பேச்சு நடக்குது, விளங்கும்தானே" என்று மட்டும் சொன்னாராம். விளங்கியது. அன்றிரவிலிருந்து அவர் படுத்தது மூடிக் கிடந்த சங்கக்கடை விறாந்தையில். உபகரணங்களைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார். விறாந்தையில் படுக்கிறவரை நம்பி வீடு கட்டக் கொடுக்க ஊரில் எவருக்கும் மனம் வரவில்லை. குளிக்கக் கிணறு இல்லாதவர் காலையில் எந்தக் கோலத்தில் வேலை கேட்டுப் போவார்? இரண்டு மாதம் கழித்துப் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் பம்பி களவு போனது. களவு போனால் முதலில் எவரைத் தேடுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கிழமை விளக்கமறியலில் இருந்துவிட்டு, சாட்சி இல்லையென்று விடப்பட்டார். திரும்பி வந்தபோது சாந்தகப்பையும் இல்லை, வாளியும் இல்லை.

அந்த நிறுவனத்தின் கோப்பில் இவர் "உதவி வழங்கப்பட்டவர்". உண்மைதான், உதவி வழங்கப்பட்டது. அதை வைக்க இடம் வழங்கப்படவில்லை.

முகவரி என்று நான் சொல்வதை வெறும் உணர்ச்சிப் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்நாட்டின் நிர்வாகம் முழுவதும் கிராம அலுவலரின் மேசையில் தொடங்குகிறது. ஒருவர் இன்ன இடத்தில் வசிக்கிறார் என்று அவர் எழுதிக் கொடுக்கும் கடிதம் இல்லாமல் அடையாள அட்டை எடுக்க முடியாது. தொலைந்த அட்டைக்குப் பதில் அட்டை பெறப் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியும் வேண்டும், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் வேண்டும். அடையாள அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை. வங்கிக் கணக்கு இல்லாமல், சமுர்த்திக்குப் பதிலாக 2023இல் வந்த அஸ்வெசும கொடுப்பனவும் இல்லை. கிராம அலுவலர் என்ன செய்வார்? வாக்காளர் இடாப்பைப் புரட்டுவார். ஐந்தாறு ஆண்டு ஊரில் இல்லாதவரின் பெயர் அதிலிருந்து எப்போதோ கழன்றிருக்கும். "எந்த வீட்டில இருக்கிறீர்?" என்பார். விறாந்தையைக் காட்ட முடியுமா? சட்டப்படி அவர் கேட்பது பிழையுமல்ல.

இதில் இன்னொரு முடிச்சு உண்டு. பிணைக்கு நிற்கிறவர்களுக்கும் வதிவிடச் சான்று வேண்டும். சிறிய குற்றத்துக்காக மீண்டும் பிடிபடுகிறவருக்கு, வீடும் உறவும் உள்ளவரானால் பிணையாள் வந்து அன்றே வெளியே எடுப்பார். வீடற்றவர் மாதக்கணக்கில் உள்ளே கிடப்பார். ஆக, வீடின்மை சிறையின் பின்வாசலில் மட்டுமன்றி முன்வாசலிலும் நிற்கிறது.

காணி விடயமும் அப்படியே. எமது குடியேற்றத் திட்டங்களில் பெரும்பாலான குடும்பங்கள் இருப்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகளில். அக்காணியில் குடியிருந்து பயிர் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. பத்திரம் வைத்திருந்தவர் ஆண்டுக்கணக்கில் உள்ளே இருக்கும்போது காணி பற்றை மண்டிப் போகும், அல்லது வேறொருவர் வேலி போடுவார். வெளியே வந்து வழக்குப் பேச அவரிடம் காசும் இல்லை, வழக்கு என்ற சொல்லைக் கேட்கத் தெம்பும் இல்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதுவது நியாயமாகாது. சிறைச்சாலைத் திணைக்களத்தில் நலன்புரி உத்தியோகத்தர்கள் இருக்கின்றனர். திறந்தவெளிச் சிறை முகாம்கள் உண்டு. நன்னடத்தையுடைய கைதிகளை விடுமுறையில் வீட்டுக்கு அனுப்பும் ஒழுங்கு உண்டு. சிறைக்கு அனுப்பாமல் சமுதாயத்திலேயே வேலை செய்வித்துத் திருத்துவதற்கென 1999இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. இவை நல்லவை. ஆயினும் இந்த ஏற்பாடுகளின் கை சிறை வாசல் வரையில்தான் நீள்கிறது. வீட்டு விடுமுறை என்றாலும் அதற்கு ஒரு வீடு இருந்தாக வேண்டுமல்லவா?

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த குறையல்ல. 1955இல் ஜெனீவாவில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு கைதிகளை நடத்துவதற்கான ஆகக்குறைந்த விதிகளை வகுத்தபோதே, விடுதலையாகிறவர்களுக்கு உரிய ஆவணங்களும் தகுந்த வீடும் வேலையும் காலநிலைக்கேற்ற உடையும் ஊர்போய்ச் சேரச் செலவும் கிடைக்க வழிசெய்ய வேண்டுமென 81ஆம் விதியில் எழுதி வைத்தது. 2015இல் அவ்விதிகள் நெல்சன் மண்டேலாவின் பெயரால் புதுக்கப்பட்டபோது இது 108ஆம் விதியாயிற்று. அங்கே வேலைக்கு முன்னால் வீடு வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். எழுதியவர்கள் திட்டமிட்டு வைத்தார்களோ தெரியாது, வரிசை சரியாக இருக்கிறது.

செய்து பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் சார்ள்ஸ் கிளார்க் என்ற இயேசுசபைக் குரு, சிறையிலிருந்து வருகிறவர்கள் தங்குவதற்கென 1959இல் ஒரு வீட்டைத் திறந்தார். டிஸ்மாஸ் இல்லம் என்று அதற்குப் பெயர். இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட நல்ல கள்வனுக்கு மரபு வழங்கிய பெயர் அது. (நற்செய்தியில் அவனுக்குப் பெயரே இல்லை. பெயரும் முகவரியும் அற்ற ஒருவனுக்குத்தான் அன்று குடியிருக்க இடம் வாக்களிக்கப்பட்டது.) நியூ யோர்க் நகரில் 1967 முதல் முன்னாள் கைதிகளோடு பணிபுரிந்து வரும் போர்ச்சூன் சொசைட்டி என்ற அமைப்பு, ஹார்லம் பகுதியில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய கட்டடத்தைத் திருத்தி 2002இல் இவ்வாறான இல்லமொன்றை ஆரம்பித்தது. ஒரு காலத்தில் கத்தோலிக்கப் பெண்பிள்ளைகள் பாடசாலையாக இருந்த கட்டடம் அது. அயலவர்கள் ஆரம்பத்தில் எதிர்த்தனர். பின்னர் 2010இல் அதே வளவில் 114 வீடுகள் கொண்ட மாடிக் கட்டடம் எழுந்தபோது, முன்னாள் கைதிகளோடு அப்பகுதியின் வருமானங் குறைந்த குடும்பங்களும் அதில் குடியேறின. வியாழன் மாலைகளில் இல்லத்தவர்கள் ஒன்றுகூடித் தம் விடயங்களைத் தாமே பேசிக்கொள்வது அங்கு வழக்கம். எமக்கு அருகில் கேரளத்தில், 1981இல் குருமாணவர்கள் சிலர் தொடங்கிய சிறைப்பணி இயக்கமும் விடுதலையானோருக்கு இல்லங்கள் நடத்துகிறது.

பலன் உண்டா என்று நிதி வழங்குநர்கள் கேட்பார்கள். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், நோயோ இயலாமையோ உள்ள விடுதலையான கைதிகளுக்குத் துணையோடு கூடிய வீடு வழங்கிய திட்டமொன்றை அர்பன் இன்ஸ்டிடியூட் ஆராய்ந்து 2012இல் அறிக்கை வெளியிட்டது. அவ்வாறு வீடு பெற்றவர்கள் மீண்டும் கைதாகும் வாய்ப்பு, பெறாதவர்களோடு ஒப்பிடுகையில் 40 வீதம் குறைவாகவும், மீண்டும் சிறை செல்லும் வாய்ப்பு 61 வீதம் குறைவாகவும் இருந்தன. அதனால் மொத்தச் செலவு மிச்சமாகிவிடவில்லை என்பதையும் அதே ஆய்வு ஒளிக்காமல் சொல்கிறது. எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. மலிவு என்று சொல்லி இதை எவருக்கும் விற்கத் தேவையில்லை.

அந்த நாட்டு மாடிக் கட்டடங்களை இங்கே கொண்டுவந்து நட்டுவைக்க முடியாது. எமக்கு ஏற்றதாக எதைச் செய்யலாம்?

முதலில் பெயர். "இடைத்தங்கல் வீடு" என்று சிலர் எழுதுகிறார்கள். வன்னியில் அந்தச் சொல்லைக் கேட்டால் முகாமும் முட்கம்பியும் வரிசையில் நின்ற தண்ணீர்க் குடமும்தான் மக்களுக்கு ஞாபகம் வரும். ஆகவே துணைவீடு என்று சொல்வோம். ஆனால் அந்தப் பெயரையும் பலகையில் எழுதித் தொங்கவிடக் கூடாது. இது எமது நிறுவனங்களுக்குக் கடினமான காரியம் என்பதை அறிவேன். நாடா வெட்டாமல், நினைவுக்கல் பதிக்காமல், யாருடைய உதவியில் கட்டப்பட்டது என்று மூன்று மொழியில் எழுதாமல் ஒரு மலசலகூடத்தைக்கூட நாம் திறப்பதில்லை. இந்த வீட்டுக்கு அதெல்லாம் ஆகாது. பலகை வைத்த அன்றே அது மறியல்காரர் வீடாகிவிடும். அதற்குள் இருப்பவர் கொடுக்கும் முகவரி அவரையே காட்டிக்கொடுக்கும்.

சாதாரண ஒழுங்கையில், மற்ற வீடுகளைப் போன்ற ஒரு வீடு. நான்கு பேருக்குமேல் வேண்டாம். நாற்பது பேரை ஓரிடத்தில் வைத்தால் அது இன்னொரு சிறை, மதில் மட்டும் தணிவு. ஒவ்வொருவருக்கும் தனியறை, அதன் திறப்பு அவரவர் கையில். இந்தத் திறப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பல ஆண்டுகள் தம் கையால் ஒரு கதவைப் பூட்டவோ திறக்கவோ உரிமையில்லாமல் இருந்தவர்கள் இவர்கள். கதவுக்கு முன்னால் வந்து, எவராவது திறந்துவிடுவார்கள் என்று தம்மையறியாமல் நின்றதாக ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவரிடம் திறப்பைக் கொடுப்பதே ஒரு சிகிச்சை.

எழுத்தில் ஓர் உடன்படிக்கை இருக்கட்டும். தங்கும் காலம் ஓராண்டு, தேவையானால் இன்னும் ஆறு மாதம். முதல் மூன்று மாதம் வாடகை இல்லை, பிறகு உழைப்புக்கேற்ற ஒரு சிறு தொகை. அத்தொகையில் ஒரு பங்கை அவர் பெயரில் தபாற்கந்தோர்ச் சேமிப்பில் போட்டு, போகும்போது கையில் கொடுக்கலாம். சமையல் முறைவைத்து. வீட்டுக்குள் மதுவும் போதைப்பொருளும் இல்லை. இரவில் ஆள் எண்ணிப் பார்க்கும் வழக்கமும் இல்லை. வழிபாட்டுக்கு வந்தால்தான் இடம் என்ற நிபந்தனையை நாம் வைக்கவே கூடாது. இந்துவோ இஸ்லாமியரோ கத்தோலிக்கரோ, கட்டாயத்தால் செபமாலை பிடிக்கிறவர் அறைக்காகப் பிடிக்கிறார்.

வீட்டைவிட முக்கியம் துணை. காவலாளியல்ல, துணையாள். ஒரு மோட்டார் சைக்கிளும் பொறுமையும் உள்ள ஒருவர் போதும். கிராம அலுவலரிடமும் பொலிஸ் நிலையத்திடமும் முன்கூட்டியே போய், இன்னார் இந்த வீட்டில் இருக்கப்போகிறார் என்று வெளிப்படையாகச் சொல்லிவைப்பது அவருடைய முதல் வேலை. ஒளித்து வைத்தால் சந்தேகம் இரட்டிப்பாகும். பிறகு அடையாள அட்டைக்கு அலைவது, மருந்து எடுப்பவரை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போவது, வழக்குத் தவணை இருந்தால் பக்கத்தில் நிற்பது, வேலை கொடுக்கக்கூடிய கொந்தராத்துக்காரரிடம் ஒரு வார்த்தை பேசுவது, தமையன் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து போய்த் தேநீர் குடித்துவிட்டு வருவது. இந்தக் கடைசி வேலைக்கு எந்தத் திட்ட முன்மொழிவிலும் தலைப்பு இராது. ஆனால் அந்தத் தேநீர்தான் ஒருவரை ஊருக்குள் சேர்க்கும்.

போகும் இடமும் இருக்க வேண்டும். ஓராண்டு முடிவில் தமையன் வளவின் ஒரு மூலையில் தகரக் கொட்டிலாவது, பட்டினத்தில் ஒரு வாடகை அறையாவது ஒழுங்காகாவிட்டால் துணைவீடு விறாந்தையைப் பிற்போட்டதாக மட்டுமே முடியும். வாடகை வீடு தேடும்போது எவ்விடம், எந்தப் பகுதி ஆக்கள், சொந்தக்காரர் ஆர் என்று எம்மவர் கேட்கும் கேள்விகள் யாவருக்கும் தெரியும். மறியலால் வந்தவருக்கு அவற்றோடு இன்னும் ஒன்று கூடுகிறது. அங்கே பங்கின் பெயரில் ஒருவர் பொறுப்பு நிற்பது கைகொடுக்கும்.

எதிர்ப்புகள் வரும். "குமர்ப்பிள்ளைகள் இருக்கிற ஒழுங்கையில் இவர்களைக் கொண்டுவந்து வைக்கிறீர்களே" என்பார்கள். அந்தத் தாய்மாரின் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட நான் தயாரில்லை. எல்லாரையும் எல்லா வீட்டிலும் வைக்க முடியாது. சிறுவர்களுக்குத் தீங்கு செய்தவரைப் பாடசாலைக்கு அருகில் வைக்கக் கூடாது. அத்தகையவரை ஏற்கும் அறிவும் ஆளும் எமது சிறிய வீடுகளுக்கு இல்லையென்றால் இல்லையென்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் இதையும் யோசிக்க வேண்டும்: நாம் வீடு கொடுக்காவிட்டால் அவர்கள் மறைந்துவிடுவார்களா? இப்போதும் அதே ஊரில்தான், எவருக்கும் தெரியாத ஏதோவொரு விறாந்தையில் இருக்கிறார்கள். எங்கே இருக்கிறார் என்று தெரிந்த மனிதர் தெரியாத மனிதரைவிட ஆபத்துக் குறைந்தவர்.

இதைவிடக் கனமானது இரண்டாவது எதிர்ப்பு. "ஒரு குற்றமும் செய்யாமல் நேர்மையாய் இருக்கிறவனுக்கே வீடில்லை. களவெடுத்தவனுக்கு வீடா?" ஒரு கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்டவர், போரில் இரண்டு பிள்ளைகளை இழந்து இன்னமும் தகரக் கூரையின் கீழ் இருக்கும் ஒரு தாய். அவருக்கு இலேசான பதில் சொல்லக் கூடாது. 2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்குக் கிழக்கின் குடும்பங்களுக்கு 550,000 ரூபா வீதம் கிடைத்தது. புள்ளி போட்டுத் தெரிவு நடந்தபோது விடுபட்டுப்போனவர்களின் மனக்கசப்பு இன்னும் ஆறவில்லை. அந்த நேரம் மறியலில் இருந்தவருக்கோ புள்ளி போட ஆளே இல்லை என்பது வேறு கதை. அந்தத் தாய்க்கு வீடு உரிமையாகக் கிடைக்க வேண்டும், அதற்காக நாம் தொடர்ந்து குரல் கொடுக்க வேண்டும். துணைவீடு அப்படியானதல்ல. எவருக்கும் உறுதி எழுதிக் கொடுக்கும் வீடல்ல அது. ஓராண்டுக்குக் கடனாகக் கொடுக்கும் ஓர் அறை. இரண்டையும் ஒரே நிதியிலிருந்து எடுக்கவும் கூடாது. தாயின் பங்கிலிருந்து எடுத்துத்தான் இவருக்குக் கொடுத்தார்கள் என்ற பேச்சு எழுந்தால், அந்த வீடு ஒரு மாதம் நிலைக்காது.

பாதிக்கப்பட்ட குடும்பங்களைப் பற்றி நாம் பேசுவதில்லை என்பதும் உண்மையான குற்றச்சாட்டு. கொலையுண்டவரின் மனைவி அதே ஊரில் இருக்கும்போது, கொன்றவர் தண்டனை முடித்து வந்து அதே கோயில் வாசலில் நிற்பதைச் சமாதானம் என்று பிரசங்கம் செய்ய எனக்கு உரிமையில்லை. அத்தகைய ஒருவருக்கு வேறு பங்கில், வேறு பிரதேசத்தில் இடம் ஒழுங்கு செய்வதே நீதி. துணைவீடுகள் ஒரு மறைமாவட்டத்தில் இரண்டு மூன்று இடங்களில் இருந்தால்தான் அது சாத்தியம். முதலில் அந்த விதவையிடம் போய்ப் பேச வேண்டும். அதுவும் துணையாளின் வேலையே.

பெண்களின் நிலை தனிக்கட்டுரைக்கு உரியது. ஆண் திரும்பி வந்தால் ஒரு பாயாவது போடுகிற குடும்பங்கள், பெண் திரும்பி வந்தால் படலையைத் திறப்பதில்லை. கணவன் வேறொருத்தியோடு. பிள்ளைகள் அம்மம்மாவிடம், அல்லது நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் ஊடாக ஒரு சிறுவர் இல்லத்தில். பிள்ளைகளை மீளப் பெற வேண்டுமாயின் அவர்களை வைத்திருக்கத் தகுந்த இடம் அவளிடம் உண்டா என்று பார்ப்பார்கள். இடம் எடுக்க உழைப்பு வேண்டும், உழைக்க இடம் வேண்டும். எமது சிறுவர் இல்லங்களை நடத்தும் அருட்சகோதரிகள் நினைத்தால், பிள்ளையை வைத்துப் பார்க்கும் அதே வளவில் தாய்க்கும் ஓர் அறை கொடுக்கலாம். பிள்ளை இல்லத்தைவிட்டு விரைவாக வெளியேற அதைவிடக் குறுகிய வழி எனக்குத் தெரியவில்லை.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பல ஆண்டுகள் அடைபட்டு வந்தவர்களைச் சிலர் இங்கே நினைக்கக்கூடும். அவர்களுக்கு மாலையும் வரவேற்பும் கிடைக்கின்றன, மற்றவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் மாலை வாடிய பின்னர் இரு சாராரின் இரவும் ஒன்றுதான். பதினைந்து ஆண்டுக்குப் பின் வந்தவருக்குப் பஸ் கட்டணம் எவ்வளவென்று தெரியாது, கைத்தொலைபேசியைப் பிடிக்கத் தெரியாது, தாய் முதுமையடைந்து பேச்சிழந்திருப்பார். புலனாய்வாளர் வந்து விசாரிக்கும் வீட்டில் உறவினர் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? அவர்களுக்கும் இந்த வீடு திறந்திருக்க வேண்டும், தனிப் பெயர் எதுவுமில்லாமல்.

இடம் எங்கே என்று கேட்க வேண்டியதில்லை. மக்கள் இடம்பெயர்ந்தும் வெளிநாடு சென்றும் சுருங்கிப்போன பல பங்குகளில் பழைய உபதேசியார் வீடுகளும் ஆசிரியர் விடுதிகளும் பூட்டிக் கிடக்கின்றன. புலம்பெயர்ந்தவர்கள் பார்த்துக்கொள்ளும்படி விட்டுச்சென்ற வீடுகளும் உண்டு. ஓடு மாற்றி, கிணறு இறைத்து, மின்சாரம் எடுத்தால் அவற்றில் ஒன்று போதும். இரண்டு மூன்று பங்குகள் சேர்ந்து துணையாளின் சம்பளத்தைப் பொறுப்பேற்கலாம். நான் அறிந்த ஒரு பங்கில் நெல் வைக்கும் கொட்டிலாகப் பயன்படும் உபதேசியார் வீட்டைக் கேட்டிருக்கிறோம். பங்குச் சபை இரண்டு கூட்டமாகப் பேசிக்கொண்டிருக்கிறது, இன்னும் முடிவில்லை. நெல்லை எங்கே வைப்பது என்பது அவர்களுடைய கேள்வி, நியாயமான கேள்விதான்.

இதற்கிடையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சிறைகளைச் சந்திக்கப் போகும் குருக்களும் துறவியரும், அடுத்த ஆறு மாதத்தில் விடுதலையாக இருப்பவர்களிடம் "வெளியே போனால் என்ன வேலை செய்வீர்" என்று கேட்பதற்கு முன், "முதல் இரவு எங்கே படுப்பீர்" என்று கேட்டு, விரும்புகிறவர்களின் ஊரையும் பெயரையும் அந்தந்தப் பங்குக்கு எழுதி அனுப்பலாம். அடையாள அட்டை தொலைந்திருந்தால் அதற்கான வேலையையும் அப்போதே, அவர் உள்ளே இருக்கும்போதே, நலன்புரி உத்தியோகத்தர் ஊடாகத் தொடங்கலாம். உபதேசியார் வீட்டில் நெல் மூட்டை இல்லாத அறை ஒன்று இப்போதும் இருக்கிறது. தச்சர் ஒருவர் இரண்டு நாள் வேலை செய்தால் அதற்குக் கதவு போட்டுவிடலாம்.